குரோமிக்கோ போட்ட கையெழுத்து

ஆண்டு வளையம் தெளிவாக விழும் ஒரு பழைய மரத்தை, அது நம்மூர்த் தேக்கானாலும் ஐரோப்பாவின் ஓக் ஆனாலும், அறுத்து ஒவ்வொரு வளையத்திலும் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் ஒரே வடிவம்தான் கிடைக்கிறது. 1955 வாக்கில் அளவு ஏறத் தொடங்கும். அறுபதுகளின் நடுவில் உச்சிக்குப் போகும். வட அரைக்கோளத்தில் அது இயற்கை அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறகு ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வரும். மனிதப் பல்லிலும் இதே கதைதான். எனாமல் ஒருமுறை உருவான பின் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், அது உருவான ஆண்டின் காற்று அதில் அப்படியே தங்கிவிடுகிறது. இதைக் கொண்டு ஒருவர் பிறந்த ஆண்டைச் சுமார் ஒன்றரை ஆண்டுப் பிழையோடு சொல்லிவிடலாம் என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். அடையாளம் தெரியாத உடல்களின் வயதைக் கண்டறியத் தடயவியலில் இந்த முறை கைகொடுக்கிறது.

ஏறியதற்குக் காரணம் அணுகுண்டுச் சோதனைகள். திறந்த வெளியில் குண்டு வெடிக்கும்போது பாயும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனில் மோதி அதைக் கார்பன்-14 ஆக மாற்றிவிடுகின்றன. இறங்கியதற்குக் காரணம் என்ன? கார்பன்-14 தானாகச் சிதைந்து பாதியாவதற்கு 5,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே சிதைவைக் காரணம் சொல்ல முடியாது. புதிதாகச் சேர்வது பெருமளவு நின்றது. ஏற்கெனவே சேர்ந்ததைக் கடலும் காடும் உறிஞ்சிக்கொண்டன. சேர்வதை நிறுத்தியது ஒரு சிறிய ஒப்பந்தம். மொத்தம் ஐந்தே பிரிவுகள். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவின் டீன் ரஸ்க், பிரிட்டனின் ஹோம் பிரபு, சோவியத் ஒன்றியத்தின் ஆந்த்ரேய் குரோமிக்கோ ஆகிய மூன்று வெளியுறவு அமைச்சர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். மூவரில் தூதரகத்தில் தொழில் கற்று, தூதராகி, அங்கிருந்து அமைச்சர் நாற்காலிக்கு வந்தவர் குரோமிக்கோ ஒருவர்தான்.

அவருடைய வாழ்க்கையை அரசியல் வரலாறாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அறிவியல் வரலாறாகத்தான் படுகிறது. அரை நூற்றாண்டு காலம் அவர் எதற்கு ‘முடியாது’ என்றார், எதற்குச் சம்மதித்தார் என்று வரிசையாகப் பார்த்தால், அந்தந்தக் காலத்துக் கருவிகள் எவ்வளவு தூரம் பார்த்தன என்ற கணக்கும் கூடவே வந்துவிடும்.

அவர் 1909-ல் பெலாரஸில் கோமெல் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். ஊரின் பெயரே குடும்பப் பெயர். வேளாண் பொருளாதாரம் படித்து மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தூதரகப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. 1939-ல் நிலைமை மாறியது. ஸ்டாலினின் களையெடுப்பில் வெளியுறவுத் துறையின் அனுபவசாலிகள் பலர் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் போயிருந்தார்கள். காலியான நாற்காலிகளுக்குப் படித்த, ஏழைக் குடும்பத்து இளைஞர்களைத் தேடிய குழு குரோமிக்கோவையும் பிடித்தது. அந்த ஆண்டே அமெரிக்கப் பிரிவின் தலைவர். ஆண்டு முடிவதற்குள் வாஷிங்டன் தூதரகத்தில் பதவி. ஆங்கிலம் பழக அமெரிக்கத் தேவாலயங்களுக்குப் போய்ப் பிரசங்கம் கேள் என்று ஸ்டாலின் சொன்னாராம். தாம் போகவில்லை என்று குரோமிக்கோ நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1943-ல், 34 வயதில், அமெரிக்காவுக்கான சோவியத் தூதர். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் சோவியத் தரப்பில் கையெழுத்திட்டவரும் அவரே.

அணுகுண்டுக் கேள்வி அவர் மேசைக்கு வந்தது 1946-ல். ஜூன் 14 அன்று அமெரிக்காவின் பெர்னார்ட் பரூக் ஐ.நா. அணுசக்தி ஆணையத்தில் ஒரு திட்டம் வைத்தார்: அணுசக்தி முழுவதும் ஒரு பன்னாட்டு அமைப்பின் கையில் இருக்கட்டும், அதன் ஆய்வாளர்கள் எங்கும் போய்ப் பார்க்கட்டும், தவறு செய்தவரைத் தண்டிப்பதில் யாருக்கும் வீட்டோ கூடாது, இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு அமெரிக்கா தன் குண்டுகளைக் கைவிடும். ஐந்து நாள் கழித்துக் குரோமிக்கோ பதில் சொன்னார்: முதலில் குண்டுகளைத் தடைசெய்து அழியுங்கள், கண்காணிப்பை அப்புறம் பேசலாம். இரண்டு நிலைக்கும் பின்னால் ஒரே பயம். ரகசியமாகக் குண்டு செய்துகொண்டிருந்த சோவியத் நாட்டுக்கு ஆய்வாளர் என்பவர் உளவாளி. கையில் குண்டு இருந்த அமெரிக்காவுக்கு, ஆய்வாளர் இல்லாத ஒப்பந்தம் வெறும் பேச்சு. அடுத்தவர் மண்ணில் என்ன நடக்கிறது என்பதை அந்த மண்ணில் கால் வைக்காமல் அறிய அன்று நம்பகமான வழி கிடையாது. டிசம்பர் இறுதியில் வாக்கெடுப்பு நடந்தபோது சோவியத் ஒன்றியமும் போலந்தும் ஒதுங்கிக்கொண்டன. திட்டம் அதோடு செத்தது. அந்த ஆண்டுகளில் ஐ.நா.வில் அவர் பயன்படுத்திய வீட்டோக்களால் ‘மிஸ்டர் நியெட்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன் பின் எட்டாண்டுகளில் வந்தது 1954 மார்ச் 1. பிகினி பவளத் தீவில் அமெரிக்கா வெடித்த ‘பிராவோ’ குண்டு 6 மெகா டன் இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்தது தவறாகி, 15 மெகா டன் வெடித்தது. தடை வட்டத்துக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். ஏப்ரல் 2 அன்று நேரு மக்களவையில் எழுந்து, சோதனைகளையாவது உடனே நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்றார். குண்டை ஒழிக்கும் பேச்சு நடக்கிறபோது நடக்கட்டும், வெடிப்பதை இப்போதே நிறுத்துங்கள் என்று பிரச்சினையை இரண்டாகப் பிரித்துக் காட்டிய முதல் நாட்டுத் தலைவர்களில் அவர் ஒருவர். 1963-க்கான விதை அந்தப் பிரிப்பில் இருந்தது.

சாம்பல் கடலோடு நிற்கவில்லை. வெடிப்பில் பிறக்கும் ஸ்ட்ரான்சியம்-90 வேதியியலில் கால்சியத்தின் அண்ணன் தம்பி. மழையோடு புல்லில் இறங்கி, பசு தின்று, பாலில் வந்து, குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பாதியாக 29 ஆண்டுகள் பிடிக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில் 1958-ல் ஒரு குழு விழுந்த பால்பற்களைச் சேகரிக்க ஆரம்பித்தது. பல் கொடுத்த குழந்தைக்கு, ‘என் பல்லை அறிவியலுக்குத் தந்தேன்’ என்ற ஒரு சட்டைப் பட்டன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,20,000 பற்கள் வந்தன. முதல் முடிவுகள் 1961-ல் வெளியானபோதே, பிறந்த ஆண்டு தள்ளிப்போகப் போகப் பல்லில் ஸ்ட்ரான்சியம் கூடுவது தெரிந்துவிட்டது. எந்தத் தூதரின் உரையாலும் ஆகாத காரியம் இது. அணு அரசியல் தங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டதைத் தாய்மார்கள் பார்த்தார்கள்.

குரோமிக்கோ 1957 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சரானார். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் ஒரு மலையின் சுரங்கத்துக்குள் அமெரிக்கா 1.7 கிலோ டன் குண்டு ஒன்றை வெடித்தது. பெயர் ‘ரெய்னியர்’. மண்ணுக்கடியில் முழுமையாக அடைபட்டு நடந்த முதல் வெடிப்பு அது. சாம்பல் வெளியே வரவில்லை. அப்படியானால் தூரத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? 250 மைலுக்கு அப்பால் தெரியவில்லை என்று 1958 மார்ச்சில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் அறிவித்தது. சோதனைத் தடையை எதிர்த்தவர்களுக்கு இது நல்ல ஆயுதம். ஐ.எஃப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளர் நம்பவில்லை. நிலநடுக்கங்களைப் பதியும் அரசு அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். பல நிலையங்களில் பதிவாகியிருக்கிறது, 2,300 மைல் தள்ளி அலாஸ்காவிலும்தான் என்று அங்கிருந்தவர்கள் பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் பொதுப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பதிவாவது ஒன்று, இன்னதென்று பிரித்தறிவது வேறொன்று. வெடிப்பு தன்னைச் சுற்றியுள்ள பாறையை எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். ஆகவே எந்த ஊர்க் கருவியிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்க வேண்டும். நிலநடுக்கத்தில் பாறை ஒரு பிளவின் வழியே வழுக்குவதால் சில திசைகளில் முதல் அசைவு தள்ளலாகவும் சில திசைகளில் இழுவையாகவும் வரும். இன்னொரு வித்தியாசமும் உண்டு: நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி மெதுவாக வரும் நீள அலைகள் நிலநடுக்கத்தில் வலுவாகவும் வெடிப்பில் மெலிவாகவும் இருக்கும். காகிதத்தில் எளிது. ஆனால் சிறிய வெடிப்பின் முதல் அசைவு பூமியின் இயல்பான இரைச்சலில் மூழ்கிப்போகும். அதே வலிமையுள்ள நிலநடுக்கங்களோ சோவியத் நிலப்பரப்பில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன.

1958 மார்ச் 31 அன்று சோவியத் உச்ச மன்றத்தில், எங்கள் சோதனைகளை நிறுத்துகிறோம் என்று அறிவித்தவர் குரோமிக்கோ. பெரிய சோதனை வரிசை ஒன்றை அப்போதுதான் முடித்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூலையில் ஜெனீவாவில் எட்டு நாட்டு நிபுணர்கள் கூடினார்கள். அமெரிக்கா விஞ்ஞானிகளை மட்டும் அனுப்பியது, இது தொழில்நுட்பக் கூட்டம்தானே என்று. சோவியத் குழுவில் விஞ்ஞானிகளோடு வெளியுறவுத் துறையின் அனுபவசாலியான சாரப்கினும் உட்கார்ந்திருந்தார். எத்தனை நிலையம், எத்தனை கிலோ டன் என்ற எண்களைப் பேசுவதுதான் அரசியலையே பேசுவது என்பது குரோமிக்கோவின் அமைச்சகத்துக்குத் தெரிந்திருந்தது. உலகம் முழுவதும் 160 முதல் 170 தரை நிலையங்களும் 10 கப்பல்களும் இருந்தால் 5 கிலோ டன் வரை கண்டுபிடிக்கலாம் என்று நிபுணர்கள் முடித்தார்கள். ஆனால் அந்த அக்டோபரில் நெவாடாவில் நடந்த புதிய சோதனைகள் கணக்கைக் கலைத்தன. பிரித்தறிவது நினைத்ததைவிடக் கடினம் என்று தெரிந்தது. பெரிய குகையைக் குடைந்து அதன் நடுவில் வெடித்தால் அதிர்வு பல மடங்கு அடங்கிவிடும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஆல்பர்ட் லாட்டர் கணக்குப் போட்டுக் காட்டியதும் சந்தேகம் இன்னும் வலுத்தது.

சந்தேகம் வந்த அதிர்வை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. எத்தனை முறை? 1963 தொடக்கத்தில் சோவியத் தரப்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று என்றது. அமெரிக்கா இறங்கி இறங்கி ஏழில் நின்றது. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் முழுத்தடை ஒப்பந்தம் சிக்கி உயிர்விட்டது. இவ்வளவு நெருங்கிவந்து விட்டதை நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அதற்கு முந்தைய அக்டோபரில் உலகம் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தது. 1962 அக்டோபர் 18 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே அமர்ந்து, கியூபாவுக்கு நாங்கள் தருவது தற்காப்பு உதவி மட்டுமே என்று குரோமிக்கோ சொன்னார். நான்கு நாள் முன்பு யு-2 உளவு விமானம் கியூபாவில் எடுத்த சோவியத் ஏவுகணைப் படங்கள் கென்னடியிடம் இருந்தன. நேரடியாக என்னிடம் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது பின்னாளில் குரோமிக்கோ தந்த விளக்கம். தூதரகத் தொழிலின் திறமை இப்படியும் பயன்படும் என்பதற்கு அது சாட்சி. அவர் வாழ்க்கையில் நான் மன்னிக்க விரும்பாத இடமும் அதுதான். நெருக்கடியின்போது சோவியத் தலைவர் குருச்சேவின் கடிதம் வாஷிங்டன் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆனது. 1963 ஜூனில் இரு தலைநகரங்களையும் தட்டச்சுத் தொலைவரியால் நேரடியாக இணைக்க ஒப்பந்தமானது.

ஜூலை 2 அன்று கிழக்கு பெர்லினில் பேசிய குருச்சேவ், காற்றிலும் விண்வெளியிலும் கடலுக்கடியிலும் மட்டும் தடை செய்வோம் என்றார். இந்த மூன்று இடத்திலும் ஏமாற்ற முடியாது. சாம்பல் எல்லை தாண்டி வந்துவிடும், விமானம் அதை வடிகட்டிப் பிடித்துவிடும், கடல் ஒலியைப் பல்லாயிரம் கிலோமீட்டர் கொண்டுசெல்லும். ஆய்வாளரே வேண்டாம். மண்ணுக்கடியில் மட்டும் கருவி தடுமாறியது. அதனால் மண்ணுக்கடி ஒப்பந்தத்துக்கு வெளியே விடப்பட்டது. அன்றைய அறிவியலின் எல்லை எங்கே முடிந்ததோ அங்கேயே சட்டத்தின் எல்லையும் முடிந்தது.

ஜூலை 15 முதல் பத்து நாள் பேச்சு. முதல் நாள் குருச்சேவ் இருந்தார்; பிறகு அமெரிக்காவின் ஹாரிமனுக்கும் பிரிட்டனின் ஹெயில்ஷாம் பிரபுவுக்கும் எதிரே குரோமிக்கோ. இங்கேதான் நாற்பதுகளிலிருந்து அவர் கற்ற தொழில் தெரிகிறது. வெளியேறும் உரிமை வேண்டும் என்றது அமெரிக்கா. அப்படி ஒன்றை எழுதினால் ஒப்பந்தமே பலவீனமாகும் என்றார் அவர். நாட்டின் உயர்ந்த நலன்களைப் பாதிக்கும் அசாதாரண நிகழ்வு நேர்ந்தால் மூன்று மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்று முடிந்தது. பின்னால் வந்த ஆயுத ஒப்பந்தங்கள் பலவற்றில் அதே வாசகம் தொடர்கிறது. அடுத்த முடிச்சு கிழக்கு ஜெர்மனி. அமெரிக்கா அதை நாடாகவே ஏற்கவில்லை; அது கையெழுத்திட்டால் ஏற்றதாகிவிடுமே? ஒப்பந்தத்துக்கு ஒரு காப்பாளருக்குப் பதில் மூன்று பேர் என்று வைத்தார்கள். வாஷிங்டன் ஏற்காத நாடு மாஸ்கோவில் கையெழுத்திடலாம், மாஸ்கோ ஏற்காத நாடு லண்டனில். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது.

பிரான்சும் சீனாவும் சேரவில்லை. திறந்த வெளியில் நடந்த கடைசி வெடிப்பு சீனாவுடையது, 1980 அக்டோபர் 16. இந்தியா 1963 ஆகஸ்டிலேயே கையெழுத்திட்டது. 1974 மே 18 அன்று பொக்ரானில் 107 மீட்டர் ஆழத்துக் குழியில் வெடித்தது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பாதுகாப்பு ஒரு காரணம். திறந்த வெளியில் வெடித்திருந்தால் நாம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியதாகும் என்பது இன்னொன்று.

மண்ணுக்கடியைக் கண்காணிக்கக் கருவி போதவில்லை என்ற குறை அறிவியலுக்குக் கொடையானது. அமெரிக்கா பணம் போட்டு, ஒரே மாதிரிக் கருவிகளோடு உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட நிலநடுக்க நிலையங்களை அமைத்தது. கோடைக்கானல் அவற்றில் ஒன்று. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965-ல் பிரிட்டனின் ஒத்துழைப்போடு ஒரு கருவி வரிசை வந்தது. முதல் முறையாக உலகின் நிலநடுக்கங்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிந்தது. கடலடி மலைத்தொடர்களில் பிளவு எந்தப் பக்கம் வழுக்குகிறது என்பதை நிலநடுக்கவியலாளர் லின் சைக்ஸ் 1967-ல் படித்துச் சொன்னார். கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்பதற்கு அது வலுவான சான்று. இன்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் தட்டு எல்லை வரைபடம் ஒரு வகையில் ஒப்பந்தக் காவலின் துணை விளைவு.

விண்வெளியிலும் அதுவே நடந்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஒரு வாரத்தில், 1963 அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் முதல் ‘வேலா’ செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. விண்வெளியில் யாராவது திருட்டுத்தனமாகக் குண்டு வெடித்தால் காமா கதிரைப் பிடிப்பது அவற்றின் வேலை. 1967 ஜூலை 2 அன்று ஒரு காமா மின்னல் பதிவானது. குண்டின் கையொப்பம் அதில் இல்லை. மேலும் மேலும் வந்தன. திசையைக் கணக்கிட்டால் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. 1973-ல் லாஸ் அலமோஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வேறு விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் காமா கதிர் வெடிப்புகள் மனித அறிவுக்கு இப்படித்தான் எட்டின.

குரோமிக்கோ அமைச்சராகத் தொடர்ந்தார். 1967-ல் விண்வெளி ஒப்பந்தம், 1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை, 1971-ல் டெல்லியில் இந்திய வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங்குடன் இந்திய-சோவியத் உடன்படிக்கை. 1972 ஏவுகணை ஒப்பந்தத்தில், ஒருவர் மற்றவரின் கண்காணிப்புச் செயற்கைக்கோளுக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. 1946-ல் ஆய்வாளரை மறுத்த நாடு, தலைக்கு மேலே சுற்றும் கேமராவை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

1974-ல் நிலத்தடிச் சோதனைக்கு 150 கிலோ டன் உச்சவரம்பு வைத்தார்கள். உடனே புதுச் சண்டை. சோவியத் வெடிப்புகள் வரம்பை மீறுகின்றன என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள் சிலர். தவறு பாறையில் இருந்தது. கருங்கல் தரையில் உலக்கை போட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், மணலில் போட்டால் கேட்காது. நெவாடாவுக்கு அடியிலுள்ள மேலடுக்கு வெப்பமானது, அதிர்வை விழுங்கிவிடும். கசகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் பழைய, குளிர்ந்த, கெட்டியான நிலம். ஒரே குண்டு அங்கே பெரிதாகத் தெரியும். நெவாடாவின் அளவுகோலால் கசகஸ்தானை அளந்ததால் வந்த பழி என்று சைக்ஸ் போன்றவர்கள் வாதாடினார்கள். 1988 செப்டம்பர் 14 அன்று செமிபலாட்டின்ஸ்கில் அமெரிக்க விஞ்ஞானிகளே தங்கள் கருவியோடு நின்று ஒரு சோவியத் வெடிப்பை அளந்தார்கள். ஒரு மாதம் முன்பு சோவியத் விஞ்ஞானிகள் நெவாடாவில் அப்படி அளந்திருந்தார்கள். பரூக்குக்கு அன்று மறுக்கப்பட்டது 42 ஆண்டு கழித்து நடந்தது. 28 ஆண்டு அமைச்சராக இருந்துவிட்டு 1985-ல் சோவியத் நாட்டின் சம்பிரதாயத் தலைவராகப் போன குரோமிக்கோ அப்போதும் அந்தப் பதவியில் இருந்தார். அடுத்த மாதமே விலகி, 1989 ஜூலையில் இறந்தார்.

1996-ல் எல்லா வெடிப்புக்கும் தடை போடும் ஒப்பந்தம் ஐ.நா.வில் நிறைவேறியது. அதற்காகத் திட்டமிட்ட கண்காணிப்பு நிலையங்கள் 321: பூமியின் அதிர்வு, கடலின் ஒலி, காதுக்கு எட்டாத காற்றலை, காற்றில் மிதக்கும் கதிரியக்கத் துகள் எல்லாவற்றுக்கும். பெரும்பாலானவை இயங்குகின்றன, வட கொரியா 2006 முதல் 2017 வரை நடத்திய ஆறு சோதனைகளையும் அவை பிடித்தன. ஜெனீவாவில் குரோமிக்கோவின் ஆட்களும் அமெரிக்கர்களும் சண்டையிட்ட அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாகிவிட்டது. கருவி போதாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் சட்டமாவதற்கு இன்னும் ஒன்பது நாடுகளின் ஒப்புதல் பாக்கி. அமெரிக்கா, சீனா, 2023-ல் ஒப்புதலைத் திரும்பப் பெற்ற ரஷ்யா, பாகிஸ்தான், வட கொரியா, இஸ்ரேல், ஈரான், எகிப்து, இந்தியா.